கவுண்டிக் கட்சிக்கு ஆள் சேர்ப்பது எப்படி? தேர்தல் காலக் கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் உள்ளூர்க் கட்சி வேலையில் இறங்குவது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு, அந்த அளவில் இயங்கும் கட்சிக் கிளைதான் கவுண்டிக் கட்சி. அதில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் அக்கா பதில் சொல்கிறார். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம், வேலை முறை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போதைய இலக்கு 2026 நவம்பர் 3, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தல்.

ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்: அக்கா, கவுண்டிக் கட்சியின் இணையதளத்தில் படிவம் நிரப்பி ஒரு மாதம் ஆகிறது. ஒருவரும் கூப்பிடவில்லை. ஆள் தேவையில்லையா?

ஆள் தேவை. உங்களைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பெரும்பாலான கவுண்டிக் கட்சிகளில் சம்பளத்துக்கு இருப்பவர் ஒருவரோ இருவரோதான், பல இடங்களில் அதுவும் கிடையாது. படிவங்கள் ஒரு பட்டியலில் போய்ச் சேரும், அதைப் பிரித்துக் கூப்பிட வேண்டியவரும் ஒரு தன்னார்வலர்தான்.

காத்திருக்காமல் மாதக் கூட்டத்துக்கு நேரில் போங்கள். வாக்காளர் பதிவு அட்டையில் உங்கள் பிரீசிங்க்ட் (வாக்குப்பதிவுக்கான சிறு பகுதி) எண் இருக்கும். "என் பிரீசிங்க்ட்டுக்குத் தலைவர் யார்?" என்று கேளுங்கள். டெக்ஸாஸில் அந்தப் பதவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்ச் பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், வாக்கெடுப்பு நடக்கும். யாரும் நிற்காமல் காலியாகக் கிடக்கும் பிரீசிங்க்ட்கள் ஏராளம். அப்படி இருந்தால் கவுண்டிக் கட்சியின் நிர்வாகக் குழுவே ஓட்டுப் போட்டு உங்களை நியமிக்கலாம். மற்ற மாநிலங்களில் பதவியின் பெயரும் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். "உதவ விரும்புகிறேன்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "சனிக்கிழமை 9 முதல் 12 வரை வருவேன், கார் இருக்கிறது, தமிழும் தெலுங்கும் பேசுவேன்" என்று எழுதினால் அன்றைக்கே ஒரு வேலை உங்கள் பெயரில் விழும்.

கேரி, வட கரோலினா: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கட்சி வேலை செய்யலாமா? பயமாக இருக்கிறது.

ஊதியம் வாங்காமல் செய்யலாம். வீடு வீடாகக் கதவு தட்டி ஆதரவு கேட்கலாம், போன் பேசலாம், கதவு தட்டப் போகிறவர்களுக்கான பையை அலுவலகத்தில் கட்டலாம். ஆனால் கூட்டாட்சிச் சட்டப்படி கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் நன்கொடை தரக் கூடாது. மத்திய, மாநில, உள்ளூர்த் தேர்தல் மூன்றுக்கும் இது பொருந்தும். டிக்கெட் வாங்கி நிதி விருந்துக்குப் போவதும், பணம் கொடுத்துக் கட்சி டி-ஷர்ட் வாங்குவதும்கூட நன்கொடைதான். பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் குழுவிலும் உட்காரக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை தரலாம்.

இருவருக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. வாக்காளர் பதிவுப் படிவத்தில் தெரியாமல்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் பதிவு செய்தால் பிற்பாடு குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும், நாடு கடத்தல் வரைக்கும் போகலாம்.

ஷுகர் லேண்ட், டெக்ஸாஸ்: இந்திய மளிகைக் கடை வாசலில் மேஜை போட்டு வாக்காளர் பதிவு நடத்த நினைக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். டெக்ஸாஸில் நிரப்பிய படிவங்களை வாங்கிச் சேர்ப்பவர், கவுண்டி நியமித்த தன்னார்வத் துணைப் பதிவாளராக இருக்க வேண்டும். அதற்கு 18 வயதும் அமெரிக்கக் குடியுரிமையும் தேவை. வாங்கிய படிவத்தை ஐந்து நாளுக்குள் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். கார் டிக்கியில் போட்டு மறந்துவிட்டால் அது சட்டமீறல், அதோடு ஒருவரின் ஓட்டும் போயிற்று. பதிவுக்கான கடைசி நாள் தேர்தலுக்கு 30 நாள் முன்பு.

மேஜையில் முதல் கேள்வி "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்பதாகவே இருக்கட்டும். நம் கடை வாசலில் நிற்பவர்களில் விசாக்காரர், கிரீன் கார்டுகாரர், ஊரிலிருந்து வந்த பெற்றோர் எல்லாரும் இருப்பார்கள். "சும்மா நிரப்புங்க அங்கிள்" என்று பேனாவை நீட்டுவது அவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

அலென், டெக்ஸாஸ்: 180 பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் மூன்று முறை செய்தி போட்டேன். 40 தம்ஸ் அப். வந்தது மூன்றே பேர். எங்கே தப்பு?

குழுவில் போடுவது அறிவிப்பு. அது அழைப்பாகாது. நேரில் வந்து பத்திரிகை வைத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் குடும்பத்தோடு போகிறோம், ஃபார்வர்ட் வந்ததற்கு ஒரு வாழ்த்தோடு சரி. அந்த 40 பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டால் "வர முடியுமா?" என்று கேட்காதீர்கள். "சனி காலை 10 மணியா, ஞாயிறு மதியம் 2 மணியா, உங்களுக்கு எது தோது?" என்று கேளுங்கள். கேட்டபிறகு பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கும் அந்த நான்கைந்து விநாடியில் நாமே "பரவாயில்லை, முடிந்தால் பாருங்கள்" என்று சொல்லி அவரை விடுவித்துவிடுகிறோம். பாதிப் பேரை இழப்பது இந்த இடத்தில்தான். "ட்ரை பண்றேன்", "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்பதையெல்லாம் வரவுக் கணக்கில் எழுத வேண்டாம். அவர்களுக்கு அடுத்த வாரத்தில் ஒரு நாள் குறித்து மறுபடி கூப்பிடுங்கள்.

"வருகிறேன்" என்று உறுதி சொன்னவர்களிலும் பாதிப் பேர்தான் வருவார்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள். பத்துப் பேர் வேண்டுமானால் இருபது உறுதி தேவை. அந்தப் பாதியைக் கூட்டுவதற்கு மூன்று நினைவூட்டல் உண்டு. உறுதி சொன்ன உடனே முகவரி, பார்க்கிங், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு செய்தி. முந்தைய நாள் மாலை போன் அழைப்பு, செய்தி போதாது. அன்று இரண்டு மணி நேரம் முன்பு மறுபடி ஒரு செய்தி. முந்தைய நாள் அழைப்பில் "நாளைக்கு வருவீர்கள்தானே?" என்று கேட்டால் அது நழுவ வழி. "நாளைக்கு உங்களை இன்னொருவரோடு ஜோடி போட்டிருக்கிறேன், அவர் 10 மணிக்குக் காத்திருப்பார்" என்று சொல்லுங்கள். தனக்காக ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் நம் ஆட்கள் வராமல் இருப்பது அபூர்வம்.

வராதவரை அன்றே, பதினைந்து நிமிடத்துக்குள் கூப்பிடுங்கள். குறை சொல்ல வேண்டாம். "என்னாச்சு, எல்லாரும் நலமா? அப்போ புதன் மாலை 6 மணி போட்டுக்கவா?" அவ்வளவுதான்.

எடிசன், நியூ ஜெர்சி: முதல் தடவை கதவு தட்டப் போகிறவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? பையில் என்ன இருக்க வேண்டும்?

பயிற்சி இருபது நிமிடம் போதும். அதில் பத்து நிமிடம் ஜோடி ஜோடியாக நடித்துப் பார்க்க வேண்டும். கையில் தாளைக் கொடுத்து "படித்துக்கொள்ளுங்கள்" என்றால் முதல் வாசலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பையில்: வீட்டுப் பட்டியல், பகுதி வரைபடம், கைப்பிடியில் மாட்டும் அட்டை வீட்டு எண்ணிக்கையைவிடப் பத்து அதிகமாக, இரண்டு பேனா, பெயர் அட்டை, தண்ணீர், அலுவலகத்தில் போன் எடுப்பவரின் எண். வீட்டுப் பட்டியலைப் போனில் பார்த்துக் குறிக்க, ஜனநாயகக் கட்சியில் பெரும்பாலும் மினிவேன் (MiniVAN) என்ற செயலி. குடியரசுக் கட்சிக்கு வேறு செயலிகள். எதுவானாலும் அலுவலகத்தில் வைஃபை இருக்கும்போதே பட்டியல் எண்ணைப் போட்டு இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பார்க்கிங்கில் நின்று கடவுச்சொல் தேடினால் அரை மணி நேரம் போய்விடும். போன் சார்ஜ் தீரும் என்பதால் காகிதப் பட்டியலும் ஒன்று பையில் இருக்கட்டும்.

தனி வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் மணிக்கு 15 முதல் 20 கதவு. மூன்று மணி ஷிப்டுக்கு 45 வீடு கொடுத்தால் முடித்துவிட்டுத் திருப்தியோடு வருவார்கள். 90 வீடு கொடுத்தால் பாதியில் விட்டு, தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு திரும்புவார்கள். பெரும்பாலான கதவு திறக்காது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் ஆள் இல்லை, பேச மறுத்தார், குடிபெயர்ந்துவிட்டார், இறந்துவிட்டார் என்று குறிப்பதும் வேலைதான். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொருவர் அதே இறந்தவரின் பெயரைச் சொல்லி அவர் மனைவியிடம் கேட்பார்.

வாசலில் மணி அடித்துவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள். பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாதம் செய்ய வேண்டாம். எதிர்க்கட்சி ஆதரவாளர் என்றால் ஆதரவு அளவில் 5 (1 உறுதியான ஆதரவு, 5 உறுதியான எதிர்ப்பு) என்று குறித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். தபால்பெட்டியில் எதையும் போடாதீர்கள். தபால் தலை இல்லாத தாளை அதில் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், கட்சிக்கு அபராதம் வரும். கதவுக் கைப்பிடிதான் இடம்.

ஷிப்ட் முடிந்து பையைத் திருப்பித் தரும் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். யாரைப் பார்த்தார், என்ன சொன்னார்கள் என்று கேட்டு, நாள்காட்டியைத் திறந்து அடுத்த ஷிப்டை எழுதிவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்குப் போனபின் கூப்பிட்டுச் சேர்ப்பது இதைவிடப் பல மடங்கு கடினம்.

ஃபோர்சைத் கவுண்டி, ஜார்ஜியா: தமிழ்ச் சங்க மின்னஞ்சல் பட்டியலை வேட்பாளருக்குப் பயன்படுத்தலாமா? செயலாளர் நம் நண்பர்தான்.

கூடாது. நம் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் 501(சி)(3) அமைப்புகள், அதாவது வரிவிலக்கு பெற்ற லாபநோக்கற்ற அமைப்புகள். ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ இயங்கினால் வரிவிலக்கு பறிபோகலாம். கட்சி சாராத வாக்காளர் பதிவு நடத்தலாம், எல்லா வேட்பாளர்களையும் அழைத்து மேடை தரலாம். செயலாளர் தனி மனிதராக, தன் சொந்த எண்ணிலிருந்து நண்பர்களைக் கூப்பிடலாம். பொங்கல் விழா மேடையில் மைக்கைப் பிடித்து வேட்பாளர் பெயரைச் சொல்லக் கூடாது. இருபது வருடம் உழைத்துக் கட்டிய பள்ளியை ஒரு தேர்தலுக்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

லவுடன் கவுண்டி, வர்ஜீனியா: என் கணவருக்கு மத்திய அரசு வேலை. அவர் கலந்துகொள்ளலாமா?

1939ஆம் ஆண்டின் ஹேட்ச் சட்டம் இதைச் சொல்கிறது. பெரும்பாலான ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே, அரசுக் கட்டடத்துக்கு வெளியே கதவு தட்டலாம், போன் பேசலாம். நன்கொடை கேட்கக் கூடாது, விடுமுறை நாளிலும் கூடாது. அலுவலகக் கணினியில் கட்சி மின்னஞ்சலைத் திறக்கவும் வேண்டாம். எஃப்பிஐ, சிஐஏ போன்ற சில துறைகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை, பிரசாரத்தில் இறங்கவே முடியாது. அவர் தன் துறையின் நெறிமுறை அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெயர் வேண்டாம்: என் ஆங்கில உச்சரிப்புக்குக் கதவு தட்டக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கவுண்டியில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் தெருக்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் தமிழ்தான் பலம். பட்டியலில் பெயர் பார்த்துத் தெருவைப் பிரிக்கவும் நீங்கள்தான் வேண்டும், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எது தமிழ்ப் பெயர் என்று தெரியாது. அதுவும் வேண்டாம் என்றால் தரவு பதிவது, பை கட்டுவது, கார் ஓட்டுவது என்று ஆள் கிடைக்காத வேலைகள் நிறைய இருக்கின்றன.

இர்விங், டெக்ஸாஸ்: 25 தன்னார்வலர்களுக்கு வீட்டில் இட்லி, சாம்பார் போட்டால் அது நன்கொடைக் கணக்கில் வருமா?

கூட்டாட்சித் தேர்தல் வேலைக்காக உங்கள் வீட்டில் தரும் உணவு, பானம், அழைப்பிதழ் செலவில் வேட்பாளர் ஒருவருக்கு ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் வரை, கட்சிக் குழுக்களுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை கணக்கில் வராது. மாநில, உள்ளூர் வேட்பாளர்களுக்கு மாநிலச் சட்டம் வேறு, பொருளாளரிடம் கேளுங்கள். உண்டியல் சுற்ற வேண்டாம். கூட்டாட்சித் தேர்தலுக்கு ஒருவர் 100 டாலருக்கு மேல் ரொக்கமாகத் தர முடியாது. தந்தவர் பெயர் தெரியாத ரொக்கம் பொருளாளருக்குப் பெரிய தலைவலி.

பிளேனோ, டெக்ஸாஸ்: செப்டம்பரில் வந்தவர்கள் அக்டோபரில் காணாமல் போகிறார்கள். ஏன்?

சோர்வு என்று எல்லாரும் சொல்வார்கள், நான் பார்த்தவரை பெரும்பாலும் நம் ஏற்பாட்டுக் குறைதான். 10 மணிக்கு வரச் சொல்லி 10:40 வரை பட்டியல் அச்சாகவில்லை. போன வாரம் தட்டிய அதே தெரு. ஒரே ஆளுக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று அழைப்பு. தரவை யாரும் பார்க்கவில்லை என்ற சந்தேகம். ஒரு மென்பொருள் பொறியாளரின் சனிக்கிழமை காலை அவர் குடும்பத்திடமிருந்து எடுத்தது. அதை நாற்காலியில் உட்காரவைத்து வீணடித்தால் அவர் திரும்பமாட்டார், திரும்பவும் கூடாது.

வீட்டுப் பட்டியலை முந்தைய இரவே பகுதி பகுதியாகப் பிரித்து வையுங்கள். நான்கைந்து ஷிப்ட் முடித்தவருக்குப் பொறுப்பு கொடுங்கள்: புதியவருக்குப் பயிற்சி, ஒரு பிரீசிங்க்ட், அல்லது ஞாயிறு காலை முழுதும். பொறுப்பு உள்ளவர் தன் நண்பரையும் இழுத்து வருவார். வாராவாரம் "உங்கள் தெருவில் 212 கதவு தட்டினோம், 38 பேர் நம் பக்கம்" என்பது போல எண்ணைச் சொல்லுங்கள், அவர்கள் அந்தக் கணக்குக்கு உரிமையுள்ளவர்கள்.

ஃப்ளவர் மவுண்ட், டெக்ஸாஸ்: தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் என்ன செய்யலாம்? அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, கூட உள்ளே போகலாமா?

போகலாம். வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, படிக்க முடியாத வாக்காளர் தான் தேர்ந்தெடுத்த ஒருவரின் உதவியைப் பெறலாம். அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. அம்மா சொன்னதைத்தான் குறிக்க வேண்டும், நீங்கள் பரிந்துரைக்கக் கூடாது. டெக்ஸாஸில் உதவுபவர் உறுதிமொழி எடுக்க வேண்டும்.

கட்சிப் பிரசாரம் டெக்ஸாஸில் வாசலிலிருந்து 100 அடிக்குள் கூடாது. கட்சி டி-ஷர்ட், பேட்ஜும் அதில் அடக்கம். ஜார்ஜியாவில் கட்டடத்திலிருந்து 150 அடி, அதற்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதும் குற்றம். சாவடிப் பணியாளர் வேறு, கட்சிப் பார்வையாளர் வேறு. பணியாளருக்குக் கவுண்டி சம்பளம் தரும், இரு கட்சியும் பெயர் கொடுக்கும். பார்வையாளரைக் கட்சியோ வேட்பாளரோ நியமிப்பார்கள். டெக்ஸாஸில் நியமனச் சான்றோடு மாநில இணையப் பயிற்சிச் சான்றும் வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது, செப்டம்பரிலேயே பெயர் கொடுங்கள்.

ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா: வாக்குப்பதிவு முடிந்தால் எங்கள் வேலையும் முடிந்ததா?

புதன்கிழமைக்கும் நான்கைந்து பேரைப் பிடித்து வையுங்கள். தபால் வாக்கில் அடையாள எண் பொருந்தாமல் தள்ளிவைக்கப்பட்டவை இருக்கும். ஜார்ஜியாவில் தேர்தலுக்கு மூன்று நாள் பிறகு வரை அதைச் சரிசெய்யலாம். கவுண்டியிடமிருந்து பட்டியல் வாங்கி, ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, கிடைக்காவிட்டால் வீட்டுக்கே போய், எந்த ஆவணத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். பள்ளி வாரிய இடங்கள் சில டஜன் ஓட்டில் முடிவாகும்போது இந்த மூன்று நாள் வேலை கதவு தட்டிய ஒரு மாதத்துக்குச் சமம். இதற்குத் தனியாக ஷிப்ட் தாள் போட்டு அக்டோபரிலேயே பெயர் எழுதிவிடுங்கள், செவ்வாய் இரவு கேட்டால் எல்லாரும் தூங்கப் போயிருப்பார்கள்.