பால் மறந்த பன்றிக்குட்டிக்கு எண்ணெய் எப்போது?

கேள்வி: உச்சிப்புளியில் வெண்பன்றி வளர்க்கிறேன். 35 நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் மெலிந்ததால், தீவனத்தில் தேங்காயெண்ணெயும் சாளை எண்ணெயும் கலந்தேன். நான்காம் நாளே கழிச்சல் கண்டது. எண்ணெய் கூடாதா?

பதில்: கொடுக்கலாம், நீங்கள் தொடங்கிய நாள்தான் பொருந்தவில்லை. பன்றிப் பாலில் ஏறத்தாழ 6 முதல் 8 விழுக்காடு கொழுப்பு இருந்தாலும், அது நுண்துளிகளாகப் பாலெங்கும் பரவி நிற்பதால் குட்டியின் குடல் அதை அநேகமாக முழுவதும் செரித்துவிடுகிறது. தீவனத்தில் ஊற்றிய எண்ணெய்க்கு அந்த வசதி இல்லை. மேலும், பால் நிறுத்திய முதல் ஓரிரு வாரங்களில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியின் செயல்பாடு குறைந்துவிடும். கழிச்சலைக் குச்சியால் கிளறிப் பாருங்கள்: வெளிறி, பிசுபிசுப்பாக மினுங்கினால் எண்ணெய் செரிக்காமல் வெளியேறுகிறது என்று கொள்ளலாம். நீராகப் பீய்ச்சி, குட்டி சோர்ந்து படுத்தால் அது தொற்றாகவும் இருக்கக்கூடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரித்த முதல் இரண்டு வாரம் எண்ணெயே வேண்டாம். கழிச்சல் நின்று குட்டிகள் நன்றாகத் தின்னத் தொடங்கிய பிறகு, 100 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ தேங்காயெண்ணெயில் தொடங்கி, சில நாள் இடைவெளியில் 3 கிலோ வரை உயர்த்தலாம். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி நீளம் குறைந்தவை. இளங்குடலும் அவற்றை எளிதில் ஏற்கும். சாளை எண்ணெயை நிறுத்திவிடுங்கள். நம் கடற்கரை வெயிலில் அது விரைவில் சிக்கு வாடை அடிக்கும், இறைச்சியிலும் மீன்வாடை ஏறும். பலமுறை பொரித்த கடை எண்ணெயும் ஆகாது. தவிட்டையும் கணக்கில் கொள்ளுங்கள்: எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் சுமார் 15 விழுக்காடு எண்ணெய் உண்டு, அரைத்த சில நாட்களிலேயே அது கெடத் தொடங்கும். ஆகவே புதுத் தவிடாகப் பார்த்து, அளவாகச் சேருங்கள்.

பலரும் தவறவிடும் இடம் இன்னொன்று உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருவதால், எண்ணெய் சேர்த்த தீவனத்தைக் குட்டி குறைவாகவே தின்று நிறைவடையும். அப்போது உடலில் சேரும் புரதமும் குறைந்து, தசைக்குப் பதில் கொழுப்பு வைக்கும். எண்ணெய் கூட்டும்போது மக்காச்சோளத்தில் 2 கிலோவைக் குறைத்து, அந்த இடத்தில் சோயாப் புண்ணாக்கைச் சேருங்கள். கருவாட்டுத் தூளால் அதை ஈடுகட்ட வேண்டாம். உவர்நீர்க் கிணறு உள்ள இடத்தில் கூடுதல் உப்பு குட்டியின் உயிருக்கே ஆபத்தாகும்.