உடைத்துப் பார்த்தீர்களா? செர்ட் பற்றிச் சில கேள்விகள்

கே: ஜாஸ்பர், செர்ட் இரண்டும் வேறு வேறா?

ப: இல்லை. செர்ட் என்பது சிலிக்காவால், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களால் ஆன கடினமான கல். இரும்பு ஆக்சைடு கலந்து சிவந்த செர்ட்தான் ஜாஸ்பர்.

கே: சிக்கிமுக்கிக் கல்லுக்குள் நெருப்பு இருக்கிறதா?

ப: சிக்கிமுக்கியும் ஒரு வகைச் செர்ட்தான், ஆனால் நெருப்பு எஃகிலிருந்து வருகிறது. கல்லின் கூர்விளிம்பு எஃகைச் சீவும்போது பறக்கும் இரும்புத் துகள்தான் சூடேறிக் காற்றில் எரிகிறது. சிக்கிமுக்கியோடு சிக்கிமுக்கியைத் தட்டினால் பஞ்சு பற்றாது.

கே: ஆற்றில் எடுத்தேன். சாம்பல் நிறம், நல்ல பளபளப்பு. நான்கு படம் அனுப்பியிருக்கிறேன். என்ன கல்?

ப: நான்கிலும் கல் நனைந்திருக்கிறது! எத்தனை முறை சொல்வது, ஈரத்தில் எந்தக் கூழாங்கல்லும் பளபளக்கும். நிறத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள், வெள்ளை, பழுப்பு, கறுப்பு, பச்சை என எல்லா நிறத்திலும் செர்ட் உண்டு. முதலில் ஒரு ஓரத்தை உடையுங்கள், கண்ணுக்குக் கவசக் கண்ணாடி போட்டுக்கொண்டு. சில்லுகள் பிளேடு மாதிரி பறக்கும். உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போல வளைந்து, மெல்லிய அலைவரிகளோடு, மெழுகு மினுக்கத்தில் இருக்கிறதா? பத்து மடங்கு லென்ஸிலும் மணிகள் தெரியவில்லையா? செர்ட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. சர்க்கரை போல மணிமணியாகத் தெரிந்தால் குவார்ட்சைட்டா (மணற்கல் இறுகி உருமாறிய கல்) என்று பாருங்கள். அப்புறம் கத்தியால் கீறுங்கள். சாம்பல் கோடு விழுந்ததும் கல் கீறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் ஏராளம், அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், அழிந்துபோனால் அது கத்தியின் உலோகம். பத்து வரை போகும் மோஸ் கடின அளவுகோலில் செர்ட் கிட்டத்தட்ட 7, சாதாரணக் கத்தி அதைக் கீறாது.

கே: அமிலம் விட்டேன், லேசாக நுரைத்தது. அப்படியானால் செர்ட் இல்லையா?

ப: எங்கே விட்டீர்கள் என்று சொல்லவில்லையே. சுண்ணாம்புக்கல்லுக்குள் வளர்ந்த செர்ட் முண்டுகளின் தோலில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், அது நுரைக்கத்தான் செய்யும். புதிதாக உடைந்த முகத்தில் விடுங்கள். கவசக் கண்ணாடியை மறக்க வேண்டாம்.

கே: இவ்வளவு சிலிக்கா எங்கிருந்து வந்தது?

ப: பெரும்பாலும் ரேடியோலேரியா, டயாட்டம் என்னும் நுண்ணுயிர்கள், கடற்பஞ்சு ஆகியவற்றின் ஓப்பல் (படிகமாகாத, நீர் கலந்த சிலிக்கா) கூடுகளிலிருந்து. அவை கடலடியில் புதைந்து, கரைந்து, மறுபடி இறுகி, காலப்போக்கில் நுண்ணிய குவார்ட்ஸாக மாறுகின்றன. ஆனால் இந்த உயிர்கள் தோன்றும் முன்பே செர்ட் இருந்திருக்கிறது. கனடாவின் கன்ஃபிளிண்ட் செர்ட்டுக்கு வயது சுமார் 190 கோடி ஆண்டு, அதற்குள் நுண்ணுயிர்களின் புதைபடிவங்கள் அப்படியே இருக்கின்றன.

கே: செர்ட் ஜல்லியைக் கான்கிரீட்டில் போடலாமா?

ப: சோதிக்காமல் போடாதீர்கள். சிமெண்ட்டின் காரம் பட்டுச் சில வகைச் செர்ட் ஜெல்லாகி, நீரை உறிஞ்சி வீங்கும். விரிசல் வெளியே தெரியப் பல வருடம் ஆகலாம்.