சம்பல் சட்டி

அன்புள்ள ஐயா,

சுனாமி வந்த கிழமை நாடே ஒன்றாக நின்றது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது டிசம்பர் 26 காலை 9.25க்கு இரண்டு நிமிடம் எழுந்து நிற்பதோடு சரி. அந்த மனதை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொண்டுபோவது? பாடசாலையில் பாடமாக வைக்கலாமா?

ஆர்., வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள ஆர்.,

பாடமாக வைக்க வேண்டாம். பரீட்சையில் இரண்டு புள்ளிக் கேள்வியாகிவிடும். எழுந்து நிற்பதைக் குறை சொல்லவும் மாட்டேன், நானும் நிற்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த நேரம், அம்மாவின் அடுப்படியில் இருக்கும் ஒரு சட்டியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மட்டக்களப்புக் கல்லடிக்குள் கடல் வந்த மூன்றாம் நாள், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பொலன்னறுவைப் பக்கமிருந்து ஒரு லொறி வந்தது. சோற்றுப் பார்சல், பருப்பு, ஆளுக்கொரு துண்டு கருவாடு. தேங்காய்ச் சம்பல் மட்டும் தனியாக ஒரு அலுமினியச் சட்டியில். அள்ளி வைத்தவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வைத்தார். லொறி போன பிறகு பார்த்தால் சட்டி எங்களிடம் நின்றுவிட்டது. அடியில் சிவப்புப் பெயின்றில் சிங்கள எழுத்து. பிறகு ஒருவர் வாசித்துச் சொன்னார்: 'மரணாதார சமிதிய'. மரண உதவிச் சங்கத்துச் சட்டி. தங்கள் ஊரில் சாவு விழுந்தால் எடுக்கிற சட்டியை எங்களுக்காக எடுத்திருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் சொல்லும் மனம் இருந்தது. ஆனால் எத்தனை நாள் இருந்தது என்று ஏன் எழுதவில்லை? சோறு கொடுத்தவரை இருந்தது. காசு வந்ததும் போய்விட்டது. 2005 ஜூன் 24இல் அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்திட்டார்கள். வெளிநாட்டு உதவியை வடகிழக்கில் சேர்ந்து பங்கிடும் ஏற்பாடு, அவ்வளவுதான். அரசில் பங்காளியாக இருந்த ஜே.வி.பி. கட்சி கையெழுத்துக்கு முன்பே வெளியேறிவிட்டது, பிறகு வழக்குப் போட்டது. ஜூலை 15இல் முக்கியமான பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கதை முடிந்தது. முஸ்லிம்களை அந்தக் கையெழுத்துக்குக் கூப்பிடவே இல்லை. நாட்டிலேயே கூடுதலாகச் செத்தது அம்பாறை மாவட்டத்தில், அதில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள். நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டோம்? நானும் கேட்கவில்லை.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 15இல், அச்சே போராளிகளும் இந்தோனேசிய அரசும் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் செய்தார்கள். ஏறக்குறைய முப்பது வருடச் சண்டை. சுனாமிச் சாவு நம்மைவிடப் பல மடங்கு. அந்த வருடம் முடிவதற்குள் போராளிகள் ஆயுதத்தைக் கொடுத்தார்கள், அரசு வெளியிலிருந்து கொண்டுவந்த படையை விலக்கியது. அச்சேக்காரருக்கு நம்மைவிட இரக்கம் கூடவா? இல்லை ஐயா. எழுதினார்கள், எழுதியதைச் செய்தார்கள். இங்கே அடுத்த ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவில் சண்டை திரும்பவும் தொடங்கியது.

இதை நான் சொல்லிச் சொல்லி வீட்டில் சலித்துவிட்டது. இரக்கத்தில் நமக்குக் குறையே இல்லை, பங்கு பிரிக்கத்தான் தெரியவில்லை. வெள்ளவத்தையில் இருந்து 'அந்த மனம் எங்கே போனது' என்று ஏங்குவது சுகமாகத்தான் இருக்கும். அன்று பொதுக்கட்டமைப்பு நின்றபோது ஒரு கடிதம் எழுதினீர்களா? எனக்கு இத்தனை அழகாக எழுதுகிறீர்களே!

கோபிக்காதீர்கள். நான் மட்டும் என்ன செய்தேன்? சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா முதல் மாதமே சொன்னா. சண்டை தொடங்கியதும் பொலன்னறுவைப் பாதையில் வெலிக்கந்தையைத் தாண்டப் பயம். சண்டை முடிந்த பிறகு பயம் போய், ஊர்ப் பெயர் தெரியாதே என்ற சாட்டு வந்தது. அம்மா விடுவதாயில்லை. "மனம்பிட்டியில இறங்கிக் கேள் மனே, எந்தச் சங்கத்துச் சட்டி காணாமப் போனதெண்டு."

ஊர்ப் பெயரும் அடியில் எழுதித்தான் இருந்தது. கொடுக்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது.