ராட் செர்லிங் மாயக் கதைகளுக்குப் போனது பணத்துக்காகத்தானா?

அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் ராட் செர்லிங் சமூக நாடகங்களைக் கைவிட்டு மாயக் கதைகள் எழுதப் போனது பணத்துக்காகத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய ‘தி ட்விலைட் சோன்’ என்ற மாயக் கதைத் தொடரை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அவர் பட்ட பாடு தெரிந்திருந்தால் இப்படிக் கேட்க மனம் வராது.

1955 ஜனவரியில் அவருடைய ‘பேட்டர்ன்ஸ்’ நாடகம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாகி, பெரும் வரவேற்பைப் பெற்றதால் அடுத்த மாதமே மீண்டும் நேரலையில் நடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், தென் மாநிலமான மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. அதை மனத்தில் வைத்து செர்லிங் எழுதிய ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ 1956இல் தொலைக்காட்சியில் வந்தபோது, கதைக்களம் நியூ இங்கிலாந்துக்கு மாறியிருந்தது. கொலையானவர் யார் என்பதும் மாற்றப்பட்டிருந்தது. தென் மாநிலத்தவர் கோபப்படுவார்கள் என்ற பயத்தில், அந்த மாநிலங்களை நினைவூட்டும் என்று கோகோ கோலா பாட்டில்களைக்கூட விளம்பரதாரர் தரப்பில் அகற்றச் சொன்னார்கள். 1958இல் அவர் மறுபடியும் முயன்றார். அந்தக் கதையும் 1870களுக்குத் தள்ளப்பட்டு, பலியானவன் மெக்சிகோ இளைஞனானான்.

அந்தப் பாட்டில் சங்கதி எனக்கு மறக்காது. ஒரு தொடருக்கு வசனம் எழுதியபோது, டீக்கடையில் ஒரு பெரியவருக்கு மட்டும் தனி டம்ளரில் டீ கொடுப்பதாக ஒரு காட்சி வைத்திருந்தேன். விளம்பரதாரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று டம்ளரை எடுத்துவிட்டு, கடன் பாக்கிக்காகக் கடைக்காரர் அவரை விரட்டுவதாக மாற்றினார்கள். பெரியவரின் கோபம் அப்படியே இருந்தது, அந்தக் கோபம் எதன்மீது என்பதுதான் காணாமல் போயிற்று. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் செர்லிங்கின் முடிவு புரியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்துச் சமரசம் என்று தீர்ப்பு எழுதுவது எளிது.

1959இல் தொலைக்காட்சிப் பேட்டியாளர் மைக் வாலஸுக்கு செர்லிங் அளித்த பேட்டியில், இனி விளம்பரதாரர்களோடு மல்லுக்கட்டப் போவதில்லை என்ற பொருளில் அவரே பேசினார் என்று யாராவது எடுத்துக்காட்டலாம். பேசியது உண்மை. பிறகு என்ன எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1959 அக்டோபரில் தொடங்கிய ‘தி ட்விலைட் சோன்’ தொடரின் 156 பகுதிகளில் 92 அவர் எழுதியவை. தயாரித்ததும் அவருடைய சொந்த நிறுவனமே. அதில் 1960 மார்ச்சில் ஒளிபரப்பான மேப்பிள் தெருக் கதையில் மின்சாரம் நின்றுபோகிறது, வேற்றுக்கிரகவாசி நம்மில் யார் என்ற சந்தேகம் கிளம்புகிறது, நேற்றுவரை பழகிய அண்டை வீட்டார் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். கும்பல் வெறியைப் பற்றி நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரைச் சொல்லவிடாமல் தடுத்தது இதைத்தான். வேற்றுக்கிரகவாசிக்காக வருத்தப்பட்டுக் கடிதம் எழுத எந்த மாநிலத்திலும் ஆள் இல்லை என்பதால் அது வெட்டப்படாமல் வந்தது.

‘பேட்டர்ன்ஸ்’ பதிவு இன்றும் கிடைக்கிறது. முதலில் அதையும் பிறகு மேப்பிள் தெருக் கதையையும் பார்த்துவிட்டு, அப்போதும் பணம்தான் காரணம் என்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.