மீன் அறை மூடிக்கு எந்தப் பலகை?

வணக்கம். காசிமேட்டில் நிற்கும் உங்கள் விசைப்படகின் மீன் அறை மூடிகள் ஓரம் இற்று, கால் வைத்தால் அமுங்குவதால், அலுமினியத் தகடு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஸ் நிரப்பும் அறைக்கு வெறும் அலுமினியம் வேண்டாம். வெயிலின் சூட்டை அது அப்படியே உள்ளே கடத்திவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை (ஈரத்தைத் தாங்கும் ஒட்டுப்பலகை) 18 மி.மீ. கனத்தில் வாங்கி, அடியில் சூட்டைத் தடுக்கும் பஃப் நுரைப்பலகை வைத்து, முழுவதையும் ஃபைபர் (பிசினில் ஊறிய கண்ணாடி இழை) கொண்டு மூடிவிடுவதே என் பரிந்துரை. பிளைவுட் பெரும்பாலும் வெட்டிய ஓரங்களிலும் திருகுத் துளைகளிலும்தான் தண்ணீர் குடிக்கத் தொடங்கும் என்பதால், துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சி என்னும் இறுகும் பிசினால் நிரப்பி, அது நன்றாக இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளையிட்டு, உப்புநீரில் எளிதில் துருப்பிடிக்காத 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகை முடுக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர் இதை வீண் வேலை என்று சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காயவைத்த மணலைத் தூவினால் கால் வழுக்காது. கடற்கரை மணலை அப்படியே எடுக்க வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.