பிஎஸ்5, சுவிட்ச் கன்சோல்கள் இரண்டிலும் விளையாடுவதை நேரலையில் காட்ட, கன்சோலின் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் வெளிப்புற கேப்சர் கார்டு வாங்கலாமா? என் லேப்டாப் சாதாரணமானதுதான்.

சுவிட்சுக்காக என்றால் வாங்குங்கள், அதற்கு வேறு வழி கிடையாது. அதுவும் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) வைக்கிற சுவிட்ச் என்றால்தான். சுவிட்ச் லைட்டிலிருந்து டிவிக்குப் படமே வராது. பிஎஸ்5 மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். யூடியூப், ட்விட்ச் இரண்டுக்கும் கன்சோலிலிருந்தே நேரலை போகலாம். நேரலைத் திரையை நம் இஷ்டத்துக்கு அமைக்க ஆசை வந்த பிறகுதான் கார்டு தேவைப்படும்.

கார்டு வந்துவிட்டால் லேப்டாப்பின் பாரம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. 2014-இல் வந்த எல்காட்டோ எச்டி60 போன்ற பழைய கார்டுகள் வீடியோவைத் தாங்களே சுருக்கித்தான் அனுப்பின. அதனால் யூஎஸ்பி 2.0 போதுமாக இருந்தது, ஆனால் படம் சில நொடிகள் தாமதமாக வரும். இப்போதைய கார்டுகளில் பெரும்பாலானவை படத்தைச் சுருக்காமல் அப்படியே கொண்டுவந்து கொட்டிவிடும். சுருக்கி அனுப்புவது லேப்டாப்பின் வேலை. கேமை ஓட்டுவது கன்சோல் என்பதால் சாதாரண லேப்டாப்பும் தாங்கும். நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் மட்டும், பிராசஸர் தலையில் பாரத்தைப் போடும் எக்ஸ்264-ஐ விட்டுவிட்டு, வீடியோ சுருக்கவென்றே சிப்பில் தனிப் பகுதி உள்ள இன்டெல் குயிக்சிங்க் அல்லது என்விடியா என்வென்க், எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது யூஎஸ்பி. கடையில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 1080பி படம், நொடிக்கு 60 ஃபிரேம், பிக்சலுக்கு 16 பிட் என்று பெருக்கிப் பாருங்கள்: நொடிக்குக் கிட்டத்தட்ட 2 ஜிகாபிட். யூஎஸ்பி 2.0-இன் உச்சமே 480 மெகாபிட்தான். அப்படியானால் பென்டிரைவ் அளவில் மலிவாக வரும் குச்சி கார்டுகள் எப்படி ஓடுகின்றன? ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படம் மாதிரி சுருக்கும் எம்ஜேபெக்காக நசுக்கித்தான். எம்எஸ்2109 சிப் உள்ளவற்றின் பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு; வெளியே தருவது 1080பி, 30 ஃபிரேம். ஸ்டீரியோ ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் வழக்கமும் அதற்கு உண்டு. பழகிப் பார்க்கப் போதும், 60 ஃபிரேமில் ஓடும் சண்டை கேமுக்கு வேண்டாம்.

நல்ல யூஎஸ்பி 3.0 கார்டே வாங்கினாலும் கேபிளில் கோட்டை விடலாம். சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். கார்டுடன் வந்த கேபிளையே, ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள்.

ஓபிஎஸ் பிரிவியூவைப் பார்த்து விளையாடவே கூடாது. 60 ஃபிரேம் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. பிரிவியூ 100 மில்லிநொடி பிந்தினால் எதிரி ஆறு ஃபிரேம் முன்னால் இருக்கிறான். பாஸ்த்ரூ (படத்தை அப்படியே டிவிக்கும் கடத்தும் வழி) உள்ள கார்டாக வாங்கி, அதிலிருந்து டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போட்டு, டிவியைப் பார்த்து ஆடுங்கள். 4கே-யில் 120 ஃபிரேம், விஆர்ஆர் (ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி தன்னை மாற்றிக்கொள்வது) எல்லாம் டிவியில் வேண்டுமென்றால் கார்டின் பாஸ்த்ரூவும் அவற்றைத் தாங்க வேண்டும். பதிவு மட்டும் 4கே-யில் வேண்டும் என்று காசைக் கொட்டாதீர்கள். நேரலைக்கு 1080பி தாராளம்.

முதல் நாள் பிஎஸ்5-ஐச் செருகியதும் கறுப்புத் திரை வந்தால் கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ போய், படத்தை நகலெடுக்க விடாமல் பூட்டும் எச்டிசிபியை அணையுங்கள். அது அணைந்திருக்கும்போது நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் திறக்காது என்று வீட்டில் சொல்லிவைப்பது உத்தமம். நிறம் வெளிறித் தெரிந்தால் எச்டிஆரையும் (ஒளி, நிற வீச்சைக் கூட்டிக் காட்டும் அமைப்பு) அணைத்துப் பாருங்கள்.

மைக் விஷயத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டியிருக்கும். உங்கள் குரல் நேராக லேப்டாப்புக்குள் போகிறது, கேம் கார்டு வழியாகச் சுற்றி வருகிறது. அதனால் கோல் விழுவதற்கு முன்பே நீங்கள் கத்துவது கேட்கும். நான் செய்வது இது: டிவியை, அதன் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் போட்டு, அதன் ஸ்பீக்கர் பக்கத்தில் மைக்கை வைப்பேன். கேமில் துப்பாக்கிச் சத்தம் மாதிரி சுருக்கென்று ஒரு ஒலி எழுப்பி, மைக்கையும் கார்டையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்வேன். எடிட்டரில் திறந்தால் ஒரே சத்தம் இரண்டு இடத்தில் கூம்பாக நிற்கும். நடுவிலுள்ள இடைவெளியை மில்லிநொடியில் அளந்து, ஓபிஎஸ்ஸில் மைக்கின் ஒலியைத் தள்ளிப்போடும் சிங்க் ஆஃப்செட்டில் போட்டால் முடிந்தது. வெப்கேமுக்கும், படத்தைத் தள்ளிப்போடும் ரெண்டர் டிலே ஃபில்டரில் அதையொட்டிய ஒரு எண் தேவைப்படும். அதைக் கண்ணால் பார்த்தே சரிசெய்துவிடலாம்.