கேள்வி பதில்: பழைய வினாத்தாளை நம்பி டிபிடிஇ எழுதலாமா?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இன்ஜினியரிங், மூன்றாம் செமஸ்டர், 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்). எங்கள் கல்லூரியில் டிபிடிஇ (டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்) கணக்குத் தாளின் ஐந்து யூனிட்டில் இரண்டை மட்டும் ஒப்பேற்றிவிட்டு, ‘மீதிக்குப் பழைய பேப்பர் பாருங்கள்’ என்கிறார்கள். மூன்று யூனிட் படித்தால் பாஸாக முடியுமா?

பதில்: முடியும், ஆனால் விளிம்பில் நிற்பீர்கள். அண்ணா பல்கலைக்கழகக் கணக்குத் தாளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு 2 மார்க், ஒரு 16 மார்க் (அ அல்லது ஆ). மூன்று யூனிட் முழுசாகத் தெரிந்தால் 12 + 48 = 60. அதில் ஒரு 16 மார்க் கேள்வி புது வகையாக வந்துவிட்டால் மிச்சம் 44. பாஸுக்குக் குறைந்தது 45 வேண்டும். ஒரு மார்க்கில் அரியர்! ஆகவே சாய்ஸில் விடும் இரண்டு யூனிட்டிலும் 2 மார்க்கை மட்டும் விடாதீர்கள், அது 8 மார்க். தேர்வு மார்க்கை 60-க்குச் சுருக்கி, இன்டர்னலோடு கூட்டினால் 50 வர வேண்டும். ஆகவே அந்த 45-கூட இன்டர்னல் 40-க்கு 23 இருந்தால்தான் போதும். இன்டர்னல் 20 என்றால் 50 எடுத்தாக வேண்டும்.

விடுவதென்றால் மூன்றாம் யூனிட்டை (பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனின் பயன்பாடுகள்) விடலாம். கம்பி அதிர்வுக் கணக்கில் மனப்பாடம் அதிகம் காலை வாருவது அங்கேதான். தொடக்க இடப்பெயர்ச்சி தந்த கணக்கின் விடையை, தொடக்க வேகம் தந்த கணக்குக்கு அப்படியே எழுதிவிடுவார்கள். வேகம் என்றால் கெழுவை nπa/l-ஆல் வகுக்க வேண்டும்.

முந்தைய 2017 ரெகுலேஷனின் டிபிடிஇ தாள்களையும் (கோடு எம்ஏ8353) சேர்த்துக்கொள்ளுங்கள், ஐந்து யூனிட்டும் அதேதான். பத்துத் தாள் போதும். கேள்வியை எழுதாமல், யூனிட் வாரியாக அதன் வகையைக் குறியுங்கள். ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மில் 1−|x| ஒரு வகை. அதிலிருந்து (sin t/t)²-இன் தொகையீடு (இன்டெக்ரல்) π/2, பார்செவல் சமன்பாட்டைப் போட்டால் நான்காம் அடுக்குக்கு π/3, இரண்டும் 0 முதல் முடிவிலி வரை. ஹார்மோனிக் அனாலிசிஸ் (அட்டவணை மதிப்புகளிலிருந்து ஃபூரியர் தொடர் காண்பது) அட்டவணையில் 0 முதல் 2π வரை ஏழு மதிப்பு இருந்தால் ஆறைத்தான் கூட்ட வேண்டும். கடைசியும் முதலும் ஒன்றே.

விடையைப் பார்த்துப் படித்தால் ‘புரிந்த மாதிரி’ இருக்கும், அவ்வளவுதான். மூடி வைத்துவிட்டு 28 நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். ஐந்து 16 மார்க்குக்கு 140 நிமிடம், 2 மார்க்குக்கு அரை மணி, சரிபார்க்கப் பத்து நிமிடம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் சுற்றும் விடைக் கீயை நம்பலாமா?

பதில்: சரிபார்க்காமல் வேண்டாம். Z டிரான்ஸ்ஃபார்மில் டிஃபரன்ஸ் ஈக்வேஷன் கணக்குக்கு இது சுலபம்: விடையில் n = 0, 1, 2 போட்டு, கொடுத்த சமன்பாட்டிலிருந்து நேரடியாகக் கண்ட மதிப்புகளோடு ஒப்பிடுங்கள். ஒன்று இடித்தாலும் கீ தப்பு.